பீரங்கிக்குள் ஒரு பிஸ்கட் பாக்கெட்

"உள்ள என்னம்மா தெரியுது?"

"இருட்டு தெரியுது சார்."

"வேற?"

"நல்லா உத்துப் பாத்தா, அந்த இருட்டுக்குப் பின்னாடி இன்னும் கொஞ்சம் இருட்டு தெரியுது."

வாயாடி இடுப்பு வரைக்கும் பீரங்கிக்குள் இருந்தாள். மீதி வாயாடி வெளியே காலை உதைத்துக்கொண்டிருந்தாள். துப்பறியும் நிறுவனத்தில் உதவியாளராகச் சேர்ந்தபோது, இப்படித் தலைகுப்புறத் தொங்கவேண்டி வரும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சம்பளம் கூடக் கேட்டிருப்பாள்.

கீழே நின்று கேள்வி கேட்டவர் அவளுடைய முதலாளி. பூதக்கண்ணாடி என்றால்தான் ஊருக்குத் தெரியும். தொழில் தொடங்கிய நாளில் பித்தளைப் பிடி போட்ட பெரிய பூதக்கண்ணாடி ஒன்று வாங்கிக் கோட்டுப் பையில் போட்டார். அன்றிலிருந்து எந்த வழக்கிலும் அதற்கு வேலை வந்ததில்லை. மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க வைப்பார். ஒருதடவை ஜன்னலோரம் வெயிலில் வைத்து மறந்துபோய் ஆபீஸ் திரைச்சீலையைக் கொளுத்திவிட்டார். மற்றபடி அது சும்மா பந்தாவுக்குத்தான்.

அன்று காலையில்தான் இந்த வழக்கு வந்தது. முழங்கையில் கட்டுப் போட்டுக்கொண்டு, பளபளக்கும் வெள்ளி உடுப்போடு ஒரு பெண் ஆபீஸுக்குள் நுழைந்தாள். சர்க்கஸில் பீரங்கி ராணி என்று பெயர் வாங்கியவள். தினமும் மாலை பீரங்கியிலிருந்து பறந்துபோய் எதிரே இருக்கும் வலையில் விழுவது அவள் வேலை.

"என் வீட்டுக்காரர் என்னைக் கொல்லப் பாக்கறாரு. இன்னைக்கு சாயங்கால ஆட்டத்துக்குள்ள கண்டுபிடிச்சுச் சொல்லிடுங்க" என்றாள்.

"ஏம்மா இவ்வளவு அவசரம்?"

"சாயங்காலம் அவர்தான் என்னைச் சுடுவாரு."

அவசரம்தான் என்று பூதக்கண்ணாடி ஒப்புக்கொண்டார்.

விஷயம் இதுதான். பீரங்கிக்குள் வெடிமருந்து எதுவும் கிடையாது. ஒரு பெரிய சுருள்வில் இருக்கிறது. அதை முறுக்கி விடுவிப்பவர் அவள் கணவர், பீரங்கிக்காரர். முறுக்குவதற்கு ஒரே அளவுதான், கூட்டவும் முடியாது குறைக்கவும் முடியாது. இத்தனை காலமும் ராணி வலையின் நட்டநடுவில் பூ மாதிரி விழுந்துகொண்டிருந்தாள். கொஞ்ச நாளாக நடு தப்பியது. அப்புறம் ஓரத்தில் விழுந்தாள். நேற்று வலைக்கே வரவில்லை. வலைக்கு முன்னால் உட்கார்ந்து தடதடவென்று தட்டிக்கொண்டிருந்த டிரம்காரரின் பெரிய டிரம்முக்குள் போய் விழுந்தாள். ஜனங்கள் அதுவும் வித்தையில் ஒரு பகுதி என்று நினைத்து எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"ஆட்டத்துக்கு முன்னாடி விளக்கை அணைப்பாங்க. அந்த இருட்டுல அவர் போய் வலையை நகர்த்தறாரு சார்" என்றாள் ராணி. "பீரங்கி வாயிலிருந்து என் ரெண்டு கண்ணால பாத்தேன். டிரம்காரரும் பாத்தாரு."

அவர்தான் என்று உறுதியானால் நேராகப் போலீஸுக்குப் போய்விட்டு, அப்படியே அக்கா வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொன்னாள். பெட்டி கட்டியாகிவிட்டதாம்.

பெட்டி நிஜமாகவே கட்டித்தான் இருந்தது. கூடாரத்து வாசலில், டிக்கெட் கிழிக்கிற நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். போகிற வருகிற எல்லாரும் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பீரங்கிக்காரர் மட்டும் அந்தப் பக்கமே போகவில்லை. ஆள் ஒல்லி, மீசைதான் பெரிது. பீரங்கிக்குக் கீழே உட்கார்ந்து, ஏற்கெனவே எண்ணெய் போட்ட இடத்துக்கே மறுபடி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"வலையை நகர்த்தினீங்களா?" என்று பூதக்கண்ணாடி கேட்டார்.

"நகர்த்தினேன் சார்."

"ஏன்?"

மீசை மட்டும் லேசாக நடுங்கியது.

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று டிரம்காரர் குதித்தார். கிழிந்த டிரம்மைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தார். "கையும் களவுமா பாத்த சாட்சி நான். எந்தக் கோர்ட்டுல வேணும்னாலும் சொல்லுவேன். டிரம்மையும் கொண்டாருவேன்."

வலைக்குச் சக்கரம் வைத்த நான்கு கால்கள். தரையில் கொட்டியிருந்த மரத்தூளில் சக்கரம் போன தடம் அப்படியே பதிந்திருந்தது. பூதக்கண்ணாடி அதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவர் எதைப் பார்த்தாலும் அப்படித்தான் ஆட்டுவார்.

"பீரங்கியிலயே கோளாறு இருந்தா?"

ராணி முதன்முதலாகப் பறந்த அன்று அவள் எடைக்கு எடை நிரப்பிய மணல்மூட்டை ஒன்று மூலையில் கிடந்தது. பீரங்கிக்காரர் வலையைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டு வந்து, மூட்டையைத் தூக்கிப் பீரங்கியில் போட்டு முறுக்கி விட்டார். மூட்டை பறந்துபோய் வலையின் நட்டநடுவில் உட்கார்ந்தது.

"மணல்மூட்டை ஒழுங்காப் போகுது. நீங்க போக மாட்டேங்கறீங்க" என்றாள் வாயாடி. "தப்பா நினைக்காதீங்கக்கா. எடை கிடை ஏதாவது..."

ராணியின் முகம் சிவந்துவிட்டது. வாயாடியின் கையைப் பிடித்துத் தரதரவென்று உடை மாற்றும் அறைக்கு இழுத்துப் போனாள். அங்கே ஒரு எடை மெஷின் இருந்தது. வட்டத் தட்டு, சிவப்பு முள். தட்டின் கண்ணாடியில் பூஜ்ஜியம் இருக்கிற இடத்தில் அழகான ரோஜாப்பூ ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது.

"தினம் காலைல எழுந்ததும் இதுல ஏறுவேன். என் வீட்டுக்காரர் பூவெல்லாம் ஒட்டிக் குடுத்த மெஷின் இது. அப்போல்லாம் பாசமாத்தான் இருந்தாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறி நின்றாள். "பாத்துக்குங்க. சேர்ந்த அன்னைக்கு என்ன எடையோ அதே எடை. முள்ளு ஒரு இழை நகந்திருக்கா?"

நகரவில்லை. பின்னாலேயே வந்த பூதக்கண்ணாடிக்கும் ஆசை வந்துவிட்டது. கோட்டைக் கழற்றிவிட்டு ஏறினார். முள்ளைப் பார்த்தார். முகமெல்லாம் பல்லானது.

"வாயாடி! குறைஞ்சிருக்கேன்! ராத்திரி சாப்பாட்டை நிறுத்தினதுக்குப் பலன் தெரியுது பாத்தியா?"

"ராத்திரி சாப்பாட்டை நிறுத்திட்டுப் பத்து மணிக்கு டிபன்னு ஒண்ணு சாப்பிடுறீங்களே, அதுக்கும் பலன் தெரியணுமே சார்."

"பொறாமை" என்று சொல்லிவிட்டு இறங்கினார் அவர். அந்தச் சந்தோஷத்தில்தான், பீரங்கிக்குள் இறங்கிப் பார்க்கும்படி அவளுக்கு உத்தரவு போட்டார்.

இப்போது அவள் கை எதன்மேலோ பட்டது. சரசரவென்றது.

"சார், கிடைச்சிருச்சு!"

"என்னம்மா, கத்தியா?"

"பிஸ்கட் பாக்கெட் சார். காலி பாக்கெட். ஒண்ணு இல்ல, ஒரு குப்பைத்தொட்டி அளவுக்கு இருக்கு."

காலைப் பிடித்து அவளை வெளியே இழுத்தார்கள். கசங்கிய பாக்கெட்டுகள் அவள் கை நிறைய இருந்தன. எல்லாம் ஒரே ரகம். முன்பக்கத்தில் ஒல்லியான ஒரு பெண் மேகத்தின்மேல் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தாள். கொட்டை எழுத்தில் 'கொழுப்பு அறவே இல்லை' என்றிருந்தது. அதற்குக் கீழே 'முழு தானியத்தின் முழு நன்மை'.

ராணி தலையைக் குனிந்துகொண்டாள். "என்னுதுதான். உள்ள காத்துக்கிட்டு இருக்கும்போது சாப்பிடுவேன். ஆனா நான் கண்டதையும் வாங்குறவ இல்ல. லேபிளைப் படிச்சுட்டுத்தான் வாங்குவேன். எழுதியிருக்குல்ல, கொழுப்பு இல்லைன்னு?"

பூதக்கண்ணாடி ஒரு பாக்கெட்டை முகர்ந்து பார்த்தார். கண்கள் சுருங்கின.

"விஷம்" என்றார் மெதுவாக. "மெல்லக் கொல்லும் விஷம். இந்த பிஸ்கட்டுல யாரோ கலக்கறாங்க. விலைச் சீட்டு ஒட்டியிருக்கு பாரு. தெருமுனை சூப்பர் மார்க்கெட். கிளம்பு!"

*

"சார், ஒரு சந்தேகம்" என்றாள் வாயாடி, போகும் வழியில். "விஷம் சாப்பிட்டா ஆளு படுப்பாங்க. இந்தம்மா டிரம்முல விழுறாங்க. ஒரேயடியா கொல்லாம, ஒவ்வொரு அடியா முன்னாடி விழவைக்கிற விஷம் எந்தக் கடையில விக்குது?"

"துப்பறியும்போது குறுக்கே பேசாதே."

"பேசலைன்னா எனக்கு எதுக்கு சார் இந்தப் பேரு?"

சூப்பர் மார்க்கெட்டில் குளிரூட்டி உறுமிக்கொண்டிருந்தது. பிஸ்கட்டுக்கென்றே ஒரு முழு வரிசை. ஒல்லிப் பெண் மேகத்தில் குதிக்கும் பாக்கெட் நடுத் தட்டில், கண்ணுக்கு நேராக, படை படையாக அடுக்கியிருந்தது. வாயாடி ஒன்றை எடுத்துத் திருப்பினாள். பின்பக்கம் மடிப்பு விழுகிற இடத்தில், சாம்பல் நிறப் பின்னணியில் சாம்பல் நிற எழுத்து. எறும்பு நடந்துபோன மாதிரி இருந்தது.

"படிக்க முடியல சார்."

பூதக்கண்ணாடியும் வாங்கிப் பார்த்தார். மூக்கோடு ஒட்டிப் பார்த்தார். கையை நீட்டிப் பார்த்தார். அப்புறம் அவர் கை தானாகக் கோட்டுப் பைக்குள் போயிற்று. போன கை அப்படியே நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சார்... இன்னைக்கா?"

"இன்னைக்குத்தான்."

அவர் அதை வெளியே எடுத்தபோது கண்ணில் நிஜமாகவே தண்ணீர் கட்டியிருந்தது. வாயாடிக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கிண்டல் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டாள்.

"சேர்மானங்கள்" என்று கம்பீரமாக வாசிக்கத் தொடங்கினார். "சர்க்கரை. மைதா மாவு. குளுக்கோஸ் பாகு. பழச்சாறு பாகு. மால்ட்டுப் பாகு. தேன். உப்பு. முழு தானியம்."

"விஷம் எங்க சார்?"

"அதான் தேடறேன்."

"சார், இருங்க இருங்க. முழு தானியம் எங்க நிக்குது?"

"உப்புக்குப் பின்னாடி."

"எது எடை அதிகமோ அதைத்தான் முதல்ல எழுதணும். அதுதான் வழக்கம். அப்போ இதுல உப்பை விடக் கம்மியா முழு தானியம் இருக்கு. ஒரு சிட்டிகை தானியத்தைத் தூவிட்டு முழு நன்மைன்னு முகப்புல போட்டுட்டாங்க. முதல்ல நிக்கறது சர்க்கரை. அது தனியா வந்தா கண்ணுல படும்னு, அதோட கூடப்பொறந்த பாகையெல்லாம் வேற வேற பேருல நடுவுல நிறுத்தியிருக்காங்க. கொழுப்பு இல்லைன்னது நிஜம்தான். கொழுப்பை எடுத்துட்டு அந்த இடத்துல சர்க்கரையை உக்கார வச்சிருக்காங்க."

"ஆனா கலோரி கம்மியாத்தாம்மா போட்டிருக்கு. இங்க பாரு, கட்டம் போட்டு."

"எவ்வளவுக்கு அது?"

கண்ணாடி இன்னும் கீழே இறங்கியது. "ஒரு பரிமாறலுக்கு."

"ஒரு பரிமாறல்னா?"

கண்ணாடி இன்னும் இறங்கியது. அவரும் கூடவே குனிந்தார். "ரெண்டு பிஸ்கட்."

"பாக்கெட்ல எத்தனை பரிமாறல்?"

"பத்து."

"அடக் கடவுளே. அப்போ ராணியக்கா ஒரு பாக்கெட்டைக் காலி பண்ணணும்னா, பீரங்கிக்குள்ள பத்துப் பேரு பந்தியில உக்காந்திருக்கணும். அந்தக் கட்டத்துல இருக்கற நம்பரை எல்லாம் பத்தால பெருக்குங்க சார்."

பூதக்கண்ணாடி மனக்கணக்குப் போட்டார். உதடு அசைந்து அசைந்து நின்றது. பக்கத்துத் தட்டிலிருந்து சாதா பிஸ்கட் ஒன்றை எடுத்து, நூறு கிராமுக்கு எவ்வளவு என்ற கட்டத்தை இரண்டிலும் ஒத்துப் பார்த்தார். எந்த நன்மையையும் பேசாத சாதா பிஸ்கட்டில் சர்க்கரை பாதிதான் இருந்தது.

இதற்குள் பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். கூடையோடு ஒரு அம்மாள் நின்றிருந்தாள்.

"சார், அந்தக் கண்ணாடியால இந்த ஜூஸையும் கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா? எங்க வீட்டுக்காரர் சத்துன்னு சொல்லிக் குடிக்கறாரு."

அவர் பார்த்தார். "பழம் பத்துல ஒரு பங்குதாம்மா. மீதி தண்ணியும் சர்க்கரையும்."

"அப்போ முன்னாடி இவ்வளவு பழம் இருக்கே?"

"அது படம்."

அந்த அம்மாளுக்குப் பின்னால் ஒரு தாத்தா சூப் பாக்கெட்டோடு வந்து நின்றார். அவருக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு இளம் தம்பதி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரிசை பால் அலமாரியைத் தாண்டி வளைந்தது. வாயாடி வரிசையை ஒழுங்குபடுத்தினாள். ஒருவருக்கு ஒரு பாக்கெட் மட்டும் என்று சட்டம் போட்டாள். ஒரு இளைஞன் அழுதுகொண்டே திரும்பினான். அவன் நெடுநாளாக உடம்பு தேற்றுவதற்காகச் சாப்பிட்டு வந்தது வெறும் சாக்லேட் என்று தெரிந்துவிட்டது.

கடை மேற்பார்வையாளர் ஓடிவந்தார். "சார், யார் நீங்க? எதுக்கு எல்லாத்தையும் திருப்பித் திருப்பிப் பாக்கறீங்க? இங்க யாரும் பின்பக்கம் பாத்து வாங்கறதில்ல. அதுக்குத்தானே முன்பக்கம் போட்டிருக்கு?"

"பின்பக்கம் எதுக்குப் போட்டிருக்கு?" என்றாள் வாயாடி.

மேற்பார்வையாளர் யோசித்தார். வாழ்க்கையில் முதல்தடவையாக யோசித்த மாதிரி முகம் வைத்துக்கொண்டார். அப்புறம் இருவரையும் மரியாதையாக வாசலுக்குக் கொண்டுபோய் விட்டார்.

வாசலில் காசு போட்டு எடை பார்க்கிற மெஷின் ஒன்று நின்றது. பூதக்கண்ணாடி அதைப் பார்த்ததும் ஆசையோடு நின்றார். நல்ல செய்தியை இன்னொருதடவை கேட்க யாருக்குத்தான் பிடிக்காது? ஏறினார். சீட்டு வந்தது. படித்தவர் முகத்தில் ஈயாடவில்லை.

"வாயாடி, சர்க்கஸ்லேருந்து இங்க வர்றதுக்குள்ள எனக்கு ஒரு மூட்டை எடை கூடிடுச்சு."

"நடந்துதானே சார் வந்தோம்? வழியில எதையும் சாப்பிடக்கூட இல்லையே."

இருவரும் நடைபாதையில் அப்படியே நின்றார்கள். வாயாடிக்கு முதலில் ரோஜாப்பூதான் ஞாபகம் வந்தது. ஒரு மெஷினில் பூ ஒட்டுகிறவன் ஓரத்தில் ஒட்டலாம், மேலே ஒட்டலாம். முள் படுத்துத் தூங்குகிற இடத்தின்மேல் போய் எதற்கு ஒட்ட வேண்டும்?

"சார், இன்னொண்ணு. அந்தச் சக்கரத் தடம். வலையை எந்தப் பக்கம் நகர்த்தியிருக்காங்கன்னு பாத்தீங்களா?"

"பாத்துத் தலையை ஆட்டினேனே."

"ஆட்டினீங்க. ஆனா எந்தப் பக்கம் சார்?"

அவர் ஓடத் தொடங்கியிருந்தார்.

*

ஆட்டத்துக்கு மணி அடிக்கக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. ராணி வெள்ளி உடுப்பில், வாசல் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். பூதக்கண்ணாடி மூச்சு வாங்க எல்லாரையும் உடை மாற்றும் அறைக்குக் கூப்பிட்டார். டிரம்காரர் டிரம்மோடு வந்தார். பீரங்கிக்காரர் கடைசியாக வந்து கதவோரம் நின்றார்.

"குற்றவாளி இந்த அறையிலதான் இருக்கான்" என்றார் பூதக்கண்ணாடி.

எல்லாரும் பீரங்கிக்காரரைப் பார்த்தார்கள். அவர் எடை மெஷினைப் பார்த்தார். பார்த்தது போதாதென்று ஒரு அடி நகர்ந்து அதை மறைத்துக்கொண்டும் நின்றார்.

வாயாடி அவரை விலக்கிவிட்டுக் குனிந்து, நகத்தால் ரோஜாப்பூவைப் பிய்த்தாள். மெஷின்மேல் யாரும் நிற்கவில்லை. ஆனாலும் முள் பூஜ்ஜியத்தில் இல்லை. பூஜ்ஜியத்துக்குக் கீழே, பூ மறைத்திருந்த இடத்தில், வெட்கப்பட்டுக்கொண்டு கிடந்தது. மெஷினைத் திருப்பினால் பின்பக்கம் ஒரு சின்னத் திருகு. திருகித் திருகித் தலை தேய்ந்துபோயிருந்தது.

"ஏறுங்கக்கா" என்று திருகைச் சரியாக வைத்துவிட்டுச் சொன்னாள்.

ராணி ஏறினாள். முள் போயிற்று, போயிற்று, போய்க்கொண்டே இருந்தது. அறையில் யாரும் மூச்சு விடவில்லை. டிரம்காரர் மட்டும் பழக்க தோஷத்தில் கிழிந்த டிரம்மில் மெல்லத் தடதடவென்று தட்டினார்.

"யாரு திருகினது?" என்று ராணி கேட்டாள். கேட்டது கணவரைப் பார்த்து.

"நான்தான்" என்றார் பீரங்கிக்காரர்.

"அப்போ நிஜமாவே என்னைக் கொல்லத்தான்..."

"அதுதாங்க இல்ல" என்றாள் வாயாடி. "கொல்ல நினைக்கிறவன் வலையைத் தூர இழுப்பான். மரத்தூளைப் போய்ப் பாருங்க. அத்தனை தடமும் பீரங்கியைப் பாத்து வருது. நீங்க எவ்வளவு முன்னாடி விழுந்தீங்களோ அவ்வளவு கிட்ட வலையைக் கொண்டுவந்திருக்காரு. நேத்து டிரம்மு இடிச்சுது. அதுக்கு மேல கொண்டுவர இடம் இல்ல."

"நான் என் இடத்துலதான் உக்காந்திருந்தேன்" என்றார் டிரம்காரர், யாரும் கேட்காமலே.

ராணி மெஷினிலிருந்து இறங்கவே இல்லை. "ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நான் என்ன கடிச்சா தின்னுருப்பேன்?"

"ஒருதடவை சொன்னேனே" என்றார் அவர். மீசை மறுபடி நடுங்கியது. "அரைக் கிலோ கூடியிருக்குன்னு. நீ சாப்பாட்டையே நிறுத்திட்ட. பீரங்கிக்குள்ளயே மயக்கம் போட்டுட்ட. நான்தான் உள்ள கையை விட்டு உன் காலைப் பிடிச்சு இழுத்தேன். கால் சில்லுனு இருந்துச்சு. நீ செத்துட்டன்னு நினைச்சேன். அந்தக் குளிரு இன்னும் என் கையை விட்டுப் போகல. அன்னைக்கே முடிவு பண்ணேன், இனிமே இந்த மெஷின் உனக்குப் பிடிச்சதைத்தான் சொல்லணும்னு."

ராணி மெஷினிலிருந்து மெல்ல இறங்கினாள். அப்புறம், "நான் ஏன் உள்ள பிஸ்கட் சாப்பிட்டேன் தெரியுமா?" என்றாள். "பயத்துல. வலை நகர்றது தெரிஞ்சுது. நீங்கதான் நகர்த்தறீங்கன்னு தெரிஞ்சுது. இன்னைக்கு என்னைக் கொன்னுடுவீங்கன்னு நினைச்சு நினைச்சு, ஒவ்வொண்ணா வாயில போட்டேன். கொழுப்பு இல்லைன்னு வேற எழுதியிருந்துச்சு."

"சரியாப் போச்சு" என்றாள் வாயாடி. "அக்கா பயந்து சாப்பிட்டாங்க. சாப்பிட்டதால எடை ஏறிச்சு. எடை ஏறினதால அண்ணன் வலையை இழுத்தாரு. வலையை இழுத்ததால அக்கா பயந்தாங்க. பயந்ததால..."

"போதும்மா, தலை சுத்துது" என்றார் பூதக்கண்ணாடி.

அப்போதுதான் சர்க்கஸ் மேனேஜர் தலையை நீட்டினார். "கூடாரம் நிரம்பி வழியுது. யாராவது ஒருத்தர் பறந்தே ஆகணும். யாரு?"

ராணி இருக்கிற எடைக்கு டிரம்மைத் தவிர வேறு எங்கும் போக முடியாது. எல்லாருடைய கண்ணும் வாயாடிமேல் திரும்பியது. பீரங்கிக்குள் அவள் கச்சிதமாக அடங்குவாள் என்பதை மத்தியானமே எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

"எனக்கு வாய்தான் பறக்கும் சார். உடம்பு பறக்காது" என்று அவள் அவசரமாகப் பூதக்கண்ணாடியின் முதுகுக்குப் பின்னால் போனாள்.

"நான் போறேன்" என்றார் பீரங்கிக்காரர்.

அவளைக் கட்டிக்கொள்வதற்கு முன்னால் அந்தப் பீரங்கியில் பறந்துகொண்டிருந்தவர் அவர்தான். அப்போது ராணி வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள். கிழிக்கிற வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து, மூன்றாவது கம்பத்தில் சாய்ந்தபடி அவர் விழுவதைப் பார்ப்பாள். வலையின் ஓரம் அந்தக் கம்பத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அவளுக்கு அது மறக்கவில்லை.

விளக்கு அணைந்தது. இருட்டில் ராணி வலையைப் பிடித்து இழுத்தாள். பீரங்கியிலிருந்து விலக்கி, தூர, தூர, மூன்றாவது கம்பம் வரைக்கும் இழுத்துக்கொண்டே போனாள்.

"ஐயோ, கொலை!" என்று டிரம்காரர் கத்தினார். "இப்போ இந்தம்மா தூர இழுக்கறாங்க! நான் சாட்சி!"

"கத்தாதய்யா" என்று பூதக்கண்ணாடி அவர் வாயைப் பொத்தினார். "அவர் ஒல்லி. தூரம் போவாரு."

பீரங்கிக்காரர் குழாயில் கால் வைத்தபடி எட்டிப் பார்த்தார். வலை ஏதோ அடுத்த ஊரில் இருக்கிற மாதிரி தெரிந்தது.

"ரொம்பத் தூரமா வச்சிட்டியோ?"

"நீங்க நகர்த்தினப்போ என்னைக் கேட்டீங்களா?"

ராணி தன் இடுப்புப் பையிலிருந்து மேகத்துப் பெண் பாக்கெட் ஒன்றை எடுத்து அவர் கையில் திணித்தாள். அவளிடம் அதுதான் கடைசிப் பாக்கெட்.

"உள்ள பயமா இருந்தா சாப்பிடுங்க" என்றாள்.

அவர் உள்ளே இறங்கினார். அவள் முறுக்கினாள். முறுக்கும்போது அவள் உதடு நடுங்கியதை வாயாடி பார்த்தாள். பூதக்கண்ணாடி கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தார். கிழிந்த டிரம் தடதடத்தது. ராணி விடுவித்தாள்.

அவர் பறந்தார். மீசை முன்னால் போக அவர் பின்னால் போனார். டிரம்காரரின் தலைக்கு மேலே, வலை முன்பு நின்ற இடத்துக்கு மேலே, எல்லாவற்றையும் தாண்டிப் போய், மூன்றாவது கம்பத்தடியில் வலையின் நட்டநடுவில் பொத்தென்று விழுந்தார். கூடாரம் அதிர்ந்தது.

ராணி ஓடினாள். பின்னாலேயே வாயாடியும் ஓடினாள். அவர் வலையிலிருந்து தட்டுத்தடுமாறி எழுந்து உட்கார்ந்தார். உடம்பெல்லாம் வெடவெடவென்று ஆடியது. கையில் பாக்கெட் பிரிக்காமல் அப்படியே இருந்தது.

"உங்களுக்குப் பயமே இல்லையா?"

"உயிரே போயிடுச்சு."

"அப்புறம் ஏன் சாப்பிடல?"

"உள்ள ஒரே இருட்டு" என்றார் அவர். "பின்பக்கம் என்ன எழுதியிருக்குன்னு படிக்க முடியல."

ராணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பாக்கெட்டைப் பிடுங்கி அதனாலேயே அவர் தலையில் ஒரு போடு போட்டாள். அப்புறம் அந்தத் தலையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஜனங்கள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் விட்டு அழுதாள்.

"எழுந்திருங்க" என்றாள் கடைசியில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "வாசல்ல பெட்டி கிடக்கு. போய் எடுத்து உள்ள வைங்க."